வளவில் தாட்ட மருந்துச் சாடி

நான் ஒரு பெண்கள் பாடசாலையில் சங்கீதம் படிப்பிக்கிறேன். தைப் பனி விழத் தொடங்கினால் எனக்குக் குரல் போய்விடும். முதலில் ஒரு கரகரப்பு, பிறகு இருமல், அதற்குப் பிறகு மாசி கடைசிவரை வெறும் காற்று. மூன்று வருடங்களாக அந்தக் காலம் முழுவதும் நான் மேசையில் தாளம் போட்டுக்கொண்டிருக்க, பிள்ளைகள் தாங்களாகவே பாடித் தாங்களாகவே திருத்திக்கொண்டார்கள். இந்த முறையாவது பனிக்கு முன்னமே ஏதாவது செய்துகொள்ள வேண்டும் என்று புரட்டாதியிலேயே நினைத்தேன்.

என் கணவரின் தங்கை, எனக்கு மச்சாள், கனடாவில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வட்சப்பில் முகம் காட்டிக் கதைப்பாள். என் இருமல் கதையைக் கேட்டுவிட்டு, தன் வீட்டுக்குப் பக்கத்திலுள்ள வெள்ளைக்காரி குளிர் தொடங்க முன்னம் ஒரு மருந்து செய்து வைப்பதாகச் சொன்னாள். உள்ளிப்பூடு, இஞ்சி, வெங்காயம், மஞ்சள், மிளகாய், இன்னும் ஏதோ ஒரு வேர், எல்லாவற்றையும் வெட்டி வினாகிரியில் ஊறப்போட்டு, வாயை இறுக மூடி, நாற்பது நாள் நிலத்துக்குள் தாட்டு வைக்க வேண்டுமாம். பிறகு வடித்தெடுத்துத் தேன் கலந்து ஒவ்வொரு கரண்டியாகக் குடித்தால் குளிர்காலம் முழுவதும் சளி, தடிமன் எதுவுமே வராதாம்.

"ஏன் மச்சாள் தாட்டு வைக்கிறது?" என்று கேட்டேன்.

அவளுக்குத் தெரியவில்லை. அடுத்த கிழமை வெள்ளைக்காரியிடம் கேட்டு வந்து, அவவுக்கும் தெரியாதாம் என்றாள். பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்த என் கணவர்தான் விளக்கம் சொன்னார். மண்ணுக்குள் வெப்பம் கூடாது குறையாது, அதனால்தான் என்றார். அந்த நிமிடத்திலிருந்து மருந்து அவருடையதாகிவிட்டது.

அவர் நில அளவைக் கந்தோரில் படம் வரைபவராக வேலை செய்து, ஓய்வு பெற்று ஒரு வருடம் ஆகியிருந்தது. அந்த ஒரு வருடத்தில் அவர் குசினிக்குள் வந்தது தண்ணீர் குடிக்க மட்டும்தான். இப்போது மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கட்டம் கீறிய தாளில் சாமான்களின் பெயரை எழுதத் தொடங்கினார். வெள்ளைக்காரரின் மருந்து எங்கள் பனிக்குக் காணாது என்று ஒரு முடிவுக்கு வந்து, தூதுவளை, ஆடாதோடை, கற்பூரவள்ளி, துளசி, திப்பிலி, வேர்க்கொம்பு என்று இன்னும் ஆறு வரிகளைச் சேர்த்தார்.

சிக்கல் அந்த வேரில் வந்தது. கனடாவில் கிடைக்கும் அந்த வேர் இங்கே இல்லை. மச்சாள் ஒன்றைக் கமராவுக்கு முன்னால் பிடித்துக் காட்டினாள். முள்ளங்கிபோல இருந்தது, ஆனால் மூக்கால் புகை வரும் அளவுக்குக் காரமாம். இவர் எழுந்து போய் வளவிலிருந்த முருங்கைக்கு அடியில் கிண்டி ஒரு வேரை எடுத்து வந்தார். தோலைச் சீவிக் கழுவிக்கொண்டு வந்து, இதுதான் அது என்றார். அதைச் சாப்பிட்டுப் பார்க்காமல் எப்படிச் சொல்வது என்று நான் கேட்டேன். ஆகவே இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கடிப்பதென்று தீர்மானித்தார்கள். நான் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினேன். உலகத்தின் இரண்டு பக்கத்தில் இருந்த அண்ணனும் தங்கையும் ஒன்றாகக் கடித்தார்கள். இரண்டு பேருக்கும் முகம் சிவந்தது. இரண்டு பேருக்கும் கண்ணீர் வந்தது. மச்சாள் கையைக் காட்டித் தண்ணீருக்கு ஓடினாள். இவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அதே சாமான்தான்," என்றார்.

வினாகிரிக்கு நெல்லியடிக்குப் போனோம். அங்கே ஒருவர் பனங்கள்ளைப் புளிக்கவைத்துச் செய்த நல்ல வினாகிரி விற்கிறார் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். மோட்டார்சைக்கிளில் போய், ஆறு போத்தலை என் மடியில் வைத்துக்கொண்டு உரும்பிராயிலுள்ள எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்தேன். ஒரு போத்தலின் மூடி இறுக்கமில்லை. அந்தச் சேலையை நான் அதற்குப் பிறகு உடுக்கவில்லை.

அடுத்த நாள் முழுவதும் வெட்டினோம். உள்ளி உரித்து என் விரல் எரிந்தது. மிளகாய் வெட்டிய கையால் இவர் கண்ணைத் தொட்டுவிட்டுக் கிணற்றடியில் அரை மணித்தியாலம் நின்றார். மாங்காய் ஊறுகாய் போடும் பெரிய சாடி நிறைந்தது. மூடியைச் சுற்றி மெழுகுதிரி உருக்கி ஊற்றி, அதன்மேல் மெழுகுச் சீலை போட்டு, கம்பியால் முறுக்கிக் கட்டினார். கையில் ஒரு சின்னப் பிள்ளையைத் தூக்குவதுபோல அதைத் தூக்கிக்கொண்டு வளவுக்குப் போனார்.

வெள்ளிக்கிழமை காலை, இராகு காலத்துக்கு முன்னம், சாடியைத் தாட்டோம். முருங்கைக்கும் வேலிக்கும் இடையில் மூன்றடி ஆழம். மண்ணை மூடி முடிந்ததும் நான் கையைக் கழுவப் போனேன். இவர் அளவுநாடாவை எடுத்துக்கொண்டு வந்தார். கிணற்றுக் கட்டிலிருந்து எத்தனை அடி, வேலியிலிருந்து எத்தனை அடி, முருங்கையிலிருந்து எத்தனை அடி என்று அளந்து, மேசையில் இருந்து ஒரு படம் வரைந்தார். வடக்கைக் காட்டும் அம்புக்குறி போட்டார். ஆழத்தைத் தனியாகப் பக்கத்தில் கீறிக் காட்டினார். ஒரு புள்ளியில் வட்டமிட்டு 'சாடி 1' என்று எழுதினார். கீழே, திறக்க வேண்டிய நாள்.

"ஒரு சாடிதானே கிடக்கு. பேந்தென்னத்துக்கு நம்பர்?" என்று கேட்டேன்.

"படம் எண்டால் நம்பர் வேணும்," என்றார்.

அந்தப் படத்தைப் போட்டோ எடுத்துக் குடும்பத்துக்கான வட்சப் குழுவில் போட்டார். 'தாட்டாச்சு' என்று ஒரு சொல் மட்டும் எழுதினார். மச்சாள் கைதட்டும் பொம்மைகள் ஒரு வரிசை அனுப்பினாள். தானும் தன் வீட்டுப் பின்பக்கம் ஒரு சாடி தாட்டுவிட்டதாகச் சொன்னாள்.

ஒன்பதாம் நாள் சுவிஸிலிருந்து இவருடைய ஒன்றுவிட்ட அண்ணன் அழைத்தார். எட்டு வருடமாக அவருடைய குரலை நாங்கள் கேட்டதில்லை. எங்கள் சுகத்தை விசாரித்தார். மழையை விசாரித்தார். பிறகு, வளவு எப்படி இருக்கிறது என்று கேட்டார். வளவின் சுகத்தை யாரும் விசாரித்து நான் கேட்டதில்லை.

அதற்குப் பிறகு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். முன்பின் தெரியாத ஒருவர் காணி விற்பீர்களா என்று கேட்டு வந்தார். இன்னும் இரண்டு பேர் குடிக்கத் தண்ணீர் கேட்டு, செம்பைக் கையில் வைத்துக்கொண்டு முருங்கையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். தண்ணீரைக் குடிக்கவே இல்லை. தேங்காய் பிடுங்க வந்தேன் என்று ஒருவர் வந்தார். எங்கள் வளவில் தென்னை இல்லை. நான் வாசலில் நின்று ஆட்களைத் துரத்தப் பழகிக்கொண்டேன்.

காரணம் பள்ளிக்கூடத்தில் வைத்துத்தான் தெரியவந்தது. என்னிடம் படிக்கும் பிள்ளை ஒருத்தியின் தாய் என்னை ஒரு பக்கமாகக் கூப்பிட்டு, தன் தொலைபேசியைக் காட்டினா. திரையில் இவர் வரைந்த படம். அதே அம்புக்குறி, அதே வட்டம். மேலே சிவப்பு எழுத்தில், சண்டைக் காலத்தில் இயக்கம் தங்கம் தாட்ட இடம் என்று யாரோ எழுதியிருந்தார்கள். அதோடு ஒரு குரல்பதிவும் சுற்றிக்கொண்டிருந்தது. சாடி ஒன்று என்று போட்டிருப்பதால் மொத்தம் ஏழு சாடி இருக்க வேண்டும் என்று ஒரு மனிதர் மிகப் பொறுப்பாக விளக்கிக்கொண்டிருந்தார்.

"ரீச்சர், கவனமாயிருங்கோ," என்றா அந்தத் தாய். அத்துடன் குரலைத் தாழ்த்தி, "ஏழும் இருக்கோ?" என்று கேட்டா.

எங்கள் பக்கத்தில் 'தாட்டது' என்ற சொல்லைச் சொன்னால் ஆட்கள் நினைப்பது ஒன்றைத்தான். சண்டை முடிந்து இத்தனை காலமாகியும், எங்கேயோ ஒரு வளவில் தங்கம் இருக்கிறது என்ற கதை வரும். நீதிமன்ற அனுமதியோடு பொலிஸ் வரும், மண் தோண்டும் பெக்கோ வரும், ஊர் கூடும், கடைசியில் தோண்டிய ஒரு பெரிய கிடங்கு மிஞ்சும். அதெல்லாம் பத்திரிகையில் வாசித்த சங்கதி. அந்தக் கதைக்குள் எங்கள் உள்ளியும் இஞ்சியும் போய் விழும் என்று யார் நினைத்தது?

வீட்டுக்கு வந்து, சாடியைக் கிண்டி எடுத்து எல்லோருக்கும் திறந்து காட்டிவிடலாம் என்றேன். இவர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். இன்றைக்குப் பன்னிரண்டாம் நாள்தான், இப்போது திறந்தால் எல்லாம் பழுதாகிவிடும் என்றார். அதோடு இன்னொன்றும் சொன்னார். நாங்கள் கிண்டினால், தங்கத்தை எடுத்து ஒளித்துவிட்டு உள்ளியைக் காட்டுகிறார்கள் என்றுதான் சொல்லுவார்கள்.

அன்று பின்னேரம் பக்கத்து வீட்டு மாஸ்டர் குடையோடு வந்தார். அவர் வர்த்தகம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். கையில் பிளாஸ்டிக் பைக்குள் ஒரு பழைய காணி உறுதிப் பத்திரம். இடப்பெயர்வுக்குப் பிறகு திரும்பி வந்து வேலி அடைத்தபோது பிழையான இடத்தில் அடைத்துவிட்டார்கள், உறுதிப்படி எல்லை ஆறடி இந்தப் பக்கம் வர வேண்டும் என்றார். இருபது வருடத்துக்கு மேலாக அந்த வேலிக்கு இரண்டு பக்கமும் இருந்து நாங்கள் கறி பரிமாறியிருக்கிறோம். எல்லையைப் பற்றி ஒரு சொல் வந்ததில்லை.

"மாஸ்டர், அதுக்குள்ளை உள்ளியும் வினாகிரியும்தான் கிடக்கு," என்றார் இவர்.

"தம்பி, அதுக்குள்ளை என்ன கிடந்தாலும் எனக்குப் பிரச்சினை இல்லை. ஆனால் அது என்ரை காணிக்குள்ளை கிடக்கு," என்றார் மாஸ்டர்.

தேத்தண்ணி கொடுத்தேன். குடித்துவிட்டு, உறுதியைத் துடைத்து மீண்டும் பைக்குள் வைத்துக்கொண்டு போனார்.

பதினேழாம் நாள் காலை பொலிஸ் வந்தது. ஒரு ஜீப், ஒரு லொறி, அதற்குப் பின்னால் ஒழுங்கையை அடைத்துக்கொண்டு மஞ்சள் நிறப் பெக்கோ. எங்கள் பகுதிக் கிராம சேவகரான விதானையாரும் சாட்சிக்கு வந்திருந்தார். சீருடையைக் கண்டால் எங்கள் வயதுக்காரருக்கு முதலில் கால் குளிர்ந்துவிடும், ஏன் என்று பிறகுதான் ஞாபகம் வரும். நான் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இன்ஸ்பெக்டர் தெற்கைச் சேர்ந்தவர், தமிழ் கொஞ்சம்தான் தெரியும். அவரோடு ஒரு இளம் தமிழ்ப் பொலிஸ்காரப் பிள்ளை மொழிபெயர்க்க வந்திருந்தது. இன்ஸ்பெக்டருக்குப் பொல்லாத தடிமன். நீதிமன்ற அனுமதியை வாசித்துக் காட்டும்போது நாலுதரம் தும்மினார்.

இவருக்குப் பயமே வரவில்லை. உள்ளே போய் தன் படத்தின் மூலப் பிரதியை எடுத்துக்கொண்டு வந்தார். நாற்பது வருடம் படம் வரைந்த மனிதரிடம் இப்போதுதான் ஒருவர் படத்தோடு வீடு தேடி வந்திருக்கிறார். கிணற்றடியிலிருந்து அளந்து, அந்த இடத்தில் ஒரு தடியை நட்டு, இதுதான் இடம், மூன்றடி, கவனமாகக் கிண்டுங்கள், உள்ளே இருப்பது இருமல் மருந்து என்றார்.

இன்ஸ்பெக்டர் அவரை மேலிருந்து கீழ் பார்த்தார். தடியைப் பார்த்தார். பிறகு பெக்கோ ஓட்டுநரைக் கூப்பிட்டு, அங்கிருந்து முப்பதடி தள்ளி மாட்டுக் கொட்டில் பக்கத்தில் தோண்டச் சொன்னார்.

நான் அந்தப் பொலிஸ்காரப் பிள்ளையைப் பார்த்தேன். அது எனக்குப் பக்கத்தில் வந்து மெல்லச் சொன்னது. "தாட்டவர் காட்டுற இடத்தைத் தோண்டக் கூடாதாம் அன்ரி. முந்தி ஒரு இடத்திலை அப்பிடித்தான் ஏமாந்தவையாம்."

இவர் முகம் கறுத்துவிட்டது. கள்ளன் என்று சந்தேகித்தது அவருக்குப் பெரிதாகத் தெரியவில்லை. படம் பிழை என்று நினைத்துவிட்டார்களே என்பதுதான் தாங்கவில்லை. ஒவ்வொரு கிடங்கு முடியும்போதும் போய், அளவுநாடாவைப் பிடித்துக் காட்டி, சாடி இன்னும் எத்தனை அடி தள்ளி இருக்கிறது என்று ஓட்டுநருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் சொல்லச் சொல்ல அவர்கள் மற்றப் பக்கமாகப் போனார்கள்.

முதல் நாள் மூன்று கிடங்கு. ஒரு சைக்கிள் மணி, உடைந்த மண் குழாய், ஒற்றைச் செருப்பு, யாரோ எந்தக் காலத்திலோ எறிந்த ஒரு கறள் பிடித்த இரும்புத் தாச்சிச் சட்டி. ஒவ்வொன்றையும் கழுவி, மேசையில் வைத்து, விதானையார் பெயர் எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஒழுங்கை முழுவதும் சனம். மத்தியானம் ஐஸ்கிறீம் வாகனம் ஒன்று வந்து, பாட்டைப் போட்டுக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டது. நான் வந்தவர்கள் எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றிக் களைத்தேன். என் வீட்டைத் தோண்டுகிறவர்களுக்குச் சீனி காணுமா என்று நான் கேட்டுக்கொண்டிருந்ததை இப்போது நினைத்தாலும் எனக்கு விளங்கவில்லை.

பின்னேரம் மாஸ்டர் உறுதியோடு வேலியைக் கடந்து வந்தார். எல்லையைப் பற்றி இன்ஸ்பெக்டருக்கு விளக்கினார். இன்ஸ்பெக்டர் பொறுமையாகக் கேட்டு, ஒரு கேள்வி கேட்டார். பொலிஸ்காரப் பிள்ளை மொழிபெயர்த்தது. "அப்ப எடுக்கிற எல்லாத்துக்கும் நீங்கள்தான் பொறுப்போ எண்டு கேக்கிறார். வெடிமருந்து வந்தால் உங்கடை பேரைத்தான் எழுதுவாராம்."

மாஸ்டர் உறுதியை மடித்துப் பைக்குள் வைத்தார். வேலியை ஒருதரம் திரும்பிப் பார்த்தார். தான் இன்னொருக்கால் யோசித்துப் பார்த்ததாகவும், வேலி சரியான இடத்தில்தான் நிற்கிறது என்றும் சொன்னார்.

இரண்டாம் நாள் மழை. கிடங்குகள் நிரம்பின. செம்பாட்டு மண் களியாகி, பெக்கோ ஒரு பக்கம் சரிந்து புதைந்தது. அதை இழுக்க இன்னொரு வாகனம் வந்தது. இன்ஸ்பெக்டரின் தடிமன் முற்றிவிட்டது. குடைக்குக் கீழே கண் சிவந்து, மூக்கடைத்து, வாயால் மூச்சு விட்டுக்கொண்டு நின்றார். நான் கொத்தமல்லியும் வேர்க்கொம்பும் அவித்து ஒரு கோப்பை குடிநீர் கொடுத்தேன். முதலில் சந்தேகமாகப் பார்த்தார், பிறகு வாங்கிக் குடித்தார். பின்னேரம் மூன்று மணிக்கு எங்கள் வளவில் தோண்டாமல் மிஞ்சியிருந்தது இவர் தடி நட்ட இடம் மட்டும்தான். அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் அந்த இடத்தைச் சுற்றி நடந்தார்கள். கடைசியில் இன்ஸ்பெக்டர் கையைக் காட்டினார்.

பெக்கோ வேண்டாம், மண்வெட்டியால் கிண்டுங்கள் என்று இவர் கெஞ்சினார். அப்படியே செய்தார்கள். சரியாக மூன்றடியில் மெழுகுச் சீலை தெரிந்தது.

"பாத்தீங்களோ?" என்றார் இவர், ஊருக்கே கேட்கும்படி.

எல்லோரையும் பின்னால் போகச் சொன்னார்கள். குண்டு பார்ப்பவர் ஒருவர் தலைக்கவசத்தோடு முன்னுக்கு வந்து, குந்தியிருந்து, கம்பியை மெல்ல மெல்லக் கழற்றினார். உள்ளே பதினெட்டு நாளாக உள்ளியும் இஞ்சியும் வினாகிரியும் என்ன செய்துகொண்டிருந்தன என்பது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. கம்பியின் கடைசி முறுக்குக் கழன்றது. 'புஸ்' என்று ஒரு சத்தம். மூடி ஒரு முழம் எழும்பி விழுந்தது.

குண்டு பார்ப்பவர் பக்கவாட்டில் பாய்ந்தார். இன்ஸ்பெக்டர் களிமண்ணில் குப்புற விழுந்தார். விதானையார் பதிவுப் புத்தகத்தைத் தலையில் பிடித்துக்கொண்டு அவருக்குப் பக்கத்தில் விழுந்தார். ஒழுங்கையில் நின்ற சனமும் அப்படியே கிடந்தது. நானும் விழுந்தேன். அந்தப் பழக்கம் எங்கள் உடம்பை விட்டுப் போகவில்லை என்று அன்றைக்குத் தெரிந்தது. ஐஸ்கிறீம் வாகனத்தின் பாட்டு மட்டும் நிற்காமல் கேட்டுக்கொண்டிருந்தது. நின்ற ஒரே ஆள் என் கணவர். இருபத்திரண்டு நாள் முந்தித் திறந்துவிட்டார்களே என்ற துக்கத்தில் விழ மறந்துவிட்டார்.

பிறகு மணம் வந்தது. அதை மணம் என்று சொல்லலாமா தெரியவில்லை. வளவு முழுவதும் பரவி, ஒழுங்கைக்குப் போய், அங்கே படுத்துக்கிடந்தவர்களை எழுப்பியது. இன்ஸ்பெக்டர் முழங்காலில் எழுந்தார். மூக்கை உயர்த்தினார். ஒருதரம், இரண்டுதரம், ஏழுதரம் தும்மினார். இரண்டு நாளாக அடைத்திருந்த மூக்கு திறந்துவிட்டது. ஆச்சரியத்தோடு ஆழமாக ஒரு மூச்சை இழுத்தார், உடனே இழுத்ததற்காக வருந்தினார்.

இது ஆபத்தில்லாத பொருள் என்று காட்ட வேண்டுமாம். இவர் என்னைக் கரண்டி எடுத்துவரச் சொன்னார். சாடிக்குள் விட்டு ஒரு கரண்டி எடுத்து, எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கக் குடித்தார். பேச்சு வரவில்லை. கண்ணால் தண்ணீர் ஓடியது. கழுத்து நரம்பு புடைத்தது. நான் பயந்துபோய் அவர் தோளைப் பிடித்தேன். பொலிஸ்காரர் இரண்டு பேர் ஓடி வந்தார்கள். கனநேரத்துக்குப் பிறகு, "கொஞ்சம் உறைப்பு," என்றார்.

ஆனாலும் நீதிமன்ற அனுமதியோடு தோண்டி எடுத்த பொருளை எங்களிடமே விட்டுவிட்டுப் போக முடியாதாம். சாடியை மூடி, துணியில் சுற்றி, அரக்கு முத்திரை வைத்தார்கள். துண்டில் 'சாடி 1' என்று எழுதினார்கள். இவர் இன்ஸ்பெக்டரிடம் போய், இருட்டான இடத்தில் வையுங்கள், குலுக்க வேண்டாம், இன்னும் இருபத்திரண்டு நாளைக்குத் திறக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். பொலிஸ்காரப் பிள்ளை மொழிபெயர்க்க, இன்ஸ்பெக்டர் எல்லாவற்றையும் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார்.

நீதிமன்றத்துக்கு மூன்றுதரம் போனோம். சாடியிலிருந்து ஒரு போத்தல் எடுத்துப் பரிசோதனைக்குக் கொழும்புக்கு அனுப்பினார்கள். முதல் தவணையில் நீதவான் படத்தைக் கையில் எடுத்துக் கனநேரம் பார்த்தார். யார் வரைந்தது என்று கேட்டார். இவர் எழுந்து நின்றார். நல்ல துப்புரவான படம் என்று நீதவான் சொன்னார். வீட்டுக்கு வரும்வரை இவர் மோட்டார்சைக்கிளில் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தார்.

அந்த நாட்களில் மச்சாளோடு கதைக்கும்போது, அவளுடைய மருந்து என்ன ஆயிற்று என்று கேட்டேன். நாற்பது நாள் முடிந்து கிண்டப் போனாளாம். நிலம் உறைந்து கல்லாகிக் கிடந்ததாம். மண்வெட்டி துள்ளித் திரும்பி வந்ததாம். இனிப் பனி கரைந்து சித்திரையில்தான் எடுக்கலாம் என்றாள். சொல்லும்போதே மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள்.

தை பிறந்து ஒரு கிழமையில் அறிக்கை வந்தது. உள்ளி, இஞ்சி, மஞ்சள் முதலிய தாவரப் பொருட்களும் வினாகிரியும் உண்டு, பெறுமதியான உலோகம் எதுவும் இல்லை. சாடியைத் திருப்பிக் கொடுக்கும்படி உத்தரவாயிற்று. பொலிஸ் நிலையத்துக்குப் போய்க் காத்திருந்தோம். வெளியில் பனி. பேருந்தில் வந்தவர்கள் எல்லோரும் இருமிக்கொண்டிருந்தார்கள். நிலையத்துக்குள் ஒருவரும் இருமவில்லை. பொருட்களுக்குப் பொறுப்பானவர் சாடியைக் கொண்டுவந்து வைத்தார். முத்திரை புதிதாக, பளபளப்பாக இருந்தது. இவர் தூக்கிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். மூன்றில் ஒரு பங்குதான் இருந்தது.

"குறைஞ்சு கிடக்கு," என்றார் இவர்.

அந்த மனிதர் கூரையைப் பார்த்தார். ஆவியாகிவிட்டது என்றார். மூலையில் மேசைக்கு மேல் ஒரு சின்ன எவர்சில்வர் கரண்டி கிடந்தது. நான் முழுமையாகப் பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்துப் போட்டேன்.

வீட்டில் வடித்துத் தேன் கலந்து, காலையும் மாலையும் ஒவ்வொரு கரண்டி குடித்தேன். அந்த வருடமும் எனக்கு இருமல் வந்தது. நாலு நாளில் போய்விட்டது. மருந்தால் போனதா, மூன்று மாதமாக வாசலில் நின்று வந்தவர் போனவரைக் கத்தித் துரத்தியதில் தொண்டை உரமேறிவிட்டதா, இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. வளவில் கிடந்த கிடங்குகளை மூட மனம் வராமல் இவர் குப்பையும் சாணமும் போட்டு வாழை நடலாம் என்றார். மாஸ்டர் தன் வளவிலிருந்து எட்டு இதரை வாழைக் குட்டி கிண்டி, வேலிக்கு மேலால் ஒவ்வொன்றாக நீட்டினார்.

மாசியில் ஒரு சனிக்கிழமை காலை அந்த இன்ஸ்பெக்டர் வந்தார். சீருடை இல்லை. கோடு போட்ட சேர்ட், சாரம், கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். என் கால் வழக்கம்போலக் குளிர்ந்தது, ஆனால் கொஞ்ச நேரத்தில் தெளிந்தது. மலைநாட்டுப் பக்கம் மாற்றலாகிப் போகிறாராம். அங்கே குளிராம். மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் தடிமன் விடாதாம். மருந்து எப்படிச் செய்வது என்று எழுதித் தர முடியுமா என்று, தான் முன்கூட்டியே பாடமாக்கி வந்த தமிழில் கேட்டார்.

மொழிபெயர்க்க ஒருவரும் இல்லை. இவர் ஒவ்வொரு சாமானாகக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். இன்ஸ்பெக்டர் ஒவ்வொன்றையும் மணந்து பார்த்து, சிங்களத்தில் பெயர் எழுதினார். ஆடாதோடையில் இரண்டு பேரும் கனநேரம் நின்றார்கள். வேர் என்ற இடம் வந்ததும் இருவரும் எழுந்து முருங்கையடிக்குப் போனார்கள். இன்ஸ்பெக்டர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, தானே கிண்டி ஒரு வேரை எடுத்தார். நான் பழைய பேப்பரில் சுற்றிக் கொடுத்தேன்.

கடைசியாக எத்தனை அடி ஆழத்தில் தாட்டு வைக்க வேண்டும் என்று கையால் காட்டிக் கேட்டார். இவர் மூன்று விரலைக் காட்டினார். இன்ஸ்பெக்டர் எழுதவில்லை. பேனையை மூடி, எங்கள் வாழைக் கிடங்குகளைப் பார்த்தார்.

"ஐயா," என்றார், "நான் பிரிட்ஜ்ல வைக்கிறது. சரிதானே?"

இவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மண்ணுக்குள் இருக்கும் வெப்பத்துக்கும் அதற்கும் என்ன வித்தியாசம் என்று மனதுக்குள் கணக்குப் போட்டிருக்க வேண்டும்.

"ஓம்," என்றார் கடைசியில், "வைக்கலாம்."